சேர்மனின் முன்னங்கால்

"மூணு ஊசி போட்ட நாய் சார். ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம். எவனோ கை வெச்சிருக்கான். எவன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்."

பெரியவர் இதை நின்றுகொண்டே சொன்னார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கோப்பு ஒன்றை மேசைமேல் எறிந்த வேகத்தில் தேநீர்க் குவளை ஆடி நின்றது.

விமான நிலையத்தின் சரக்கு வாசலுக்கு எதிரே இருந்த அந்த ஒற்றை அறையில், வெளிநாடு போகும் நாய், பூனை, கிளிகளுக்குக் காகிதம் தயார் செய்து கொடுப்பார்கள். அறைக்குச் சொந்தக்காரர் முப்பது வருடம் விலங்குகளுக்கான குவாரன்டைன் அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பகுதியில் எல்லோரும் அவரை முத்திரை என்றே அழைத்தார்கள். அறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் விலங்குகளுக்கான பயணப் பெட்டிகள் செய்கிறவள் பெட்டி. முப்பத்தெட்டு வயது, தலைமுடியில் எப்போதும் மரத்தூள். யாராவது குரலை உயர்த்தினால் போதும், ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். போன வருடம் இரண்டு வயதுக் கிளி என்று கொண்டுவந்ததை இருபது வயதுக் கிளி என்று முத்திரை கண்டுபிடித்ததிலிருந்து அவளுக்குக் காகித வேலை அலுத்துப்போய், துப்பறிய ஒரு கேஸ் வேண்டியிருந்தது.

"உக்காருங்க ஐயா. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் முத்திரை.

பெரியவர் நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுத்தவரை மேலே ஏற்றுவது அவருக்குத் தொழில். கீழே இறக்குவது பொழுதுபோக்கு. மனைவி போய் இருபது வருடம் ஆகிறது. ஒரே மகள். மருமகனுக்கு வெளிநாட்டில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போகிறார்கள். பெரியவருக்கும் அனுமதி வந்துவிட்டது.

"சேர்மன் வந்தாத்தான் நான் வருவேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். அது இல்லைன்னா நானும் இல்லை. இதுல யாருக்கு லாபம்? அந்த ஆளுக்கு."

அந்த ஆள் என்றால் மருமகன். ஒன்பது வருடமாக அவருக்கு வேறு பெயர் கிடையாது. சேர்மன் என்றால் நாய். பழுப்பு நிறம், காதிலிருந்து கால்வரை தொங்கும் முடி, எட்டு வயது.

முத்திரை கோப்பைத் திறந்தார். அந்த நாட்டின் விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் நாயின் கழுத்தில் அரிசி அளவு மைக்ரோசிப் சில்லு. பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி அரைப் புள்ளிக்கு மேல் இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து நாய் விமானம் ஏறலாம். சேர்மனின் அறிக்கையில் பூஜ்ஜியம், புள்ளி, பூஜ்ஜியம், ஆறு என்று இருந்தது.

"மறுபடி ஊசி, ஒரு மாசம், மறுபடி ரத்தம், மூணு மாசம். மொத்தம் நாலு மாசம். என் அனுமதிக்கு இன்னும் பதினாலு வாரம்தான் உயிர். கணக்குப் பாத்துத்தான் செஞ்சிருக்கான், திருட்டுப் பய."

"நாய்க்கு வயசாச்சு. சக்தி குறையலாம்" என்றாள் பெட்டி.

"குறையலாம். இப்படி அடியோட இல்லாம போகாது" என்றார் முத்திரை. "ரத்தம் எடுத்த அன்னிக்கு நீங்க கூட இருந்தீங்களா ஐயா?"

"எங்க இருந்தேன்? அன்னிக்குத்தான் எனக்கு மெடிக்கல். அனுமதிக்கு எக்ஸ்ரே எடுக்கணும்னு எட்டரை மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் சட்டையைக் கழட்டி உக்கார வெச்சுட்டாங்க. பக்கத்துலயே அந்த ஆள். மூணரை மணி நேரம். உரிச்ச கோழி மாதிரி இருந்தான். என் பொண்ணு எதைச் செஞ்சிருக்கா பாருங்க, இதைப் போய் கட்டியிருக்காளேன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"மகளுக்கு மெடிக்கல்?"

"அவ முந்தின நாளே முடிச்சுட்டா. அன்னிக்கு லீவு போட்டு வீட்டுல இருந்தா. சேர்மன் என்னை விட்டா அவ பக்கம் மட்டும்தான் போகும். அந்த ஆளை ரெண்டு தடவை கடிச்சிருக்கு. நல்ல நாய்."

"கோப்பு ரொம்பக் கச்சிதமா இருக்கே."

"என் பொண்ணு. ஸ்கூல் ஆஃபீஸ்ல எழுத்தர். ஒரு தாள் முன்ன பின்ன இருக்காது. எனக்கு இதுல எல்லாம் கண்ணு தெரியாது. போடற இடத்துல கையெழுத்து போடுவேன்." பெரியவர் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு இந்தப் பொண்ணு அளவெடுக்க வந்துச்சே, அப்பவே சேர்மன் மனசு சரியில்லை. கடிச்சிடுச்சு இல்லம்மா?"

பெட்டி இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பல் தடம் இன்னும் இருந்தது. "நீங்கதான் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டைன்னு அடம் பிடிச்சீங்க. ரெண்டு முன்னங்காலையும் தரையிலேர்ந்து முழங்கை வரைக்கும் அளந்தேன். ரெண்டுலயும் முடியில டேப் சிக்கிக்கிச்சு. இழுத்தா கடிக்காம கொஞ்சுமா?"

முத்திரை ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்த ரத்தப் படிவத்தின் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி, இடம் கிளினிக் என்று எழுதியிருந்தது. கீழே மருத்துவரின் கையெழுத்து. நடுவில் பதினைந்து இலக்கச் சில்லு எண் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள். சில்லோடு வரும் அட்டையிலிருந்து உரித்து ஒட்டுவது அது. 'பதிவில் உள்ள எண்', 'கருவியில் படித்த எண்' என்ற இரண்டு கட்டங்களையும் சேர்த்து மூடியிருந்தது.

"இந்த ஒட்டுத்தாள் அட்டை யார்கிட்ட இருக்கு?"

"எல்லாம் கோப்போடதான். ஏன்?"

"ஒண்ணுமில்லை ஐயா. ஒரு விஷயம் மட்டும் கேளுங்க. சோதனைக்குப் போனது சேர்மனோட ரத்தம் இல்லைன்னு காட்டிட்டா, ஊசியிலேர்ந்து தொடங்க வேண்டாம். நேரா ரத்தம் எடுத்துட்டு மூணு மாசம். பதிமூணு வாரம். உங்க தேதிக்குள்ள ஏறிடலாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள முடியணும்."

"முடிங்க. முடிச்சுட்டு, அந்த ஆளை உக்கார வெச்சு, எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுதான் எனக்கு வேணும்."

பெரியவர் போனதும் பெட்டி கதவைச் சாத்தினாள்.

"சார், அந்த மருமகன் என்ன மெக்கானிக்? ஃப்ரிஜ்! அந்தக் கிளினிக்ல ஊசி மருந்து வெக்கிற ஃப்ரிஜ்ஜை ரிப்பேர் பண்றது யாரு? அவரேதான். நான் பெட்டி டெலிவரிக்குப் போனப்ப பாத்திருக்கேன். குளிரைக் குறைச்சு விட்டிருப்பார். மருந்து கெட்டுப் போச்சு. ஊசி வெறும் தண்ணி. எப்படி?"

"நல்லா இருக்கு" என்றார் முத்திரை. "அதே வாரம் அதே ஃப்ரிஜ்ல இருந்த மருந்தைப் போட்ட ரெண்டு நாய்க்கும் ஒரு பூனைக்கும் நாமதான் காகிதம் பண்ணினோம். மூணும் பாஸ். ஒரே ஃப்ரிஜ்ஜுக்குள்ள ஒரு நாய்க்கு மட்டும் வெயில் அடிக்குமா?"

பெட்டியின் முகம் சுருங்கியது. "அப்ப ஃப்ரிஜ் இல்லை. ஆனா ஆள் அவர்தான்."

"ஆளை அப்புறம் பாப்போம். முதல்ல நாயைப் பாப்போம்."

கிளினிக்கில் மருத்துவர் ஒரு பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் வெளியே காத்திருப்பு இடத்தில், நாய்களுக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

"சேர்மனா? ஞாபகம் இருக்கு சார். இங்கதான் எடுத்தோம். உள்ள இருக்கே, அந்த மேசை."

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"முன்னங்கால். இடது."

"அதுக்கு நிறைய முடியாச்சே. நரம்பு எப்படித் தெரிஞ்சுது?"

கம்பவுண்டருக்குத் தொழில் பெருமை வந்துவிட்டது. "சிரைச்சுட்டுத்தான் எடுப்பேன். மிஷின் வெச்சு சதுரமா ஒரு தீப்பெட்டி அளவு. எந்த நாயா இருந்தாலும் சிரைக்காம நான் ஊசி குத்தினதே இல்லை. கேட்டுப் பாருங்க."

"கருவி வெச்சு சில்லு எண்ணைப் படிச்சீங்களா?"

பிஸ்கட் பாதியில் நின்றது. "படிச்சேன்."

"படிச்சா அந்தக் கட்டத்துல கையால எழுதணும். ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கே."

"சார், டாக்டர் கையெழுத்து இருக்குல்ல? அவரைக் கேளுங்க." கம்பவுண்டர் எழுந்து உள்ளே பார்த்தார். குரல் இறங்கியது. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேலை போயிடும்."

தெருவுக்கு வந்ததும்தான் பெட்டிக்கு உறைத்தது. நடுச்சாலையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் அவள் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"சார்! செவ்வாய்க்கிழமை சிரைச்சிருந்தா வியாழக்கிழமை அந்தக் கால்ல வழவழன்னு இருந்திருக்கணும். எனக்கு ரெண்டு கால்லயும் டேப் சிக்குச்சு. ரெண்டுலயும் முழு முடி!"

"உன்னைக் கடிச்சதுல ஒரு பிரயோஜனம் ஆச்சு."

"அப்ப அவர் பொய் சொல்றார். சிரைக்கவே இல்லை!"

"அந்த ஒரு விஷயத்துல அவர் பொய் சொல்லலை. அதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உக்காந்தார். சிரைச்சிருக்கார். சேர்மனை இல்லை. இப்ப நமக்கு வேண்டியது, ஊசியே போடாத ஒரு பழுப்பு நாய். இடது முன்னங்கால்ல ஒரு தீப்பெட்டி."

அதைத் தேட அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மருமகனின் பட்டறை பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. திறந்த கதவுக்கு உள்ளே குளிர்சாதனப் பெட்டிகள் வயிறு கிழிந்து வரிசையாக நின்றன. மருமகன் கருவிகளைத் துடைத்து ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். வாசல் தூணில் இரண்டு முழச் சங்கிலியில் ஒரு பழுப்பு நாய் கட்டிக் கிடந்தது. சங்கிலி எட்டுகிற அளவுக்குத் தரையில் அரைவட்டமாய்த் தேய்ந்திருந்தது.

பெட்டி குந்தி உட்கார்ந்தாள். நாய் உறுமவில்லை. யாரோ தன்னிடம் குந்தி உட்கார்வது அதற்குப் பழக்கமில்லாத விஷயம் போலக் காலை நீட்டியது. இடது முன்னங்காலில், முழங்கைக்குக் கீழே, ஒரு சதுரம். ஆறு வாரத்தில் முடி பாதி முளைத்து, பழைய கம்பளியில் வெல்வெட் ஒட்டுப் போட்டது போல இருந்தது.

பெட்டியின் கண்கள் பளபளத்தன. முத்திரை அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"இதுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டார்.

"ஆறு இருக்கும் சார். பட்டறை காவலுக்கு" என்றார் மருமகன். மெல்லிய ஆள், மெல்லிய குரல். "மாமா உங்ககிட்ட வந்தாரா? என்னைத்தான் சொல்லியிருப்பார்."

"இதுக்கு ஊசி எல்லாம் போட்டிருக்கீங்களா?"

மருமகன் கொஞ்சம் வெட்கப்பட்டார். "இதுக்கு யார் சார் போடறா? கட்டிப் போட்டிருக்கோம், சோறு வெக்கிறோம்."

"இதுவும் உங்களோட வருதா?"

அவர் புரியாமல் பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டதில்லை என்று தெரிந்தது.

"அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டறை யார் பொறுப்புல இருந்துச்சு?"

"பூட்டியிருந்துச்சு சார். நான் மாமாவோட மெடிக்கல்ல இருந்தேனே. சாவி வீட்டுல ஆணியில தொங்கும்."

திரும்பி வரும் வழியில் பெட்டியின் வாய் ஓயவில்லை. "அவரோட பட்டறை, அவரோட நாய், அவருக்குத்தான் லாபம். மாட்டிக்கிட்டார் சார். ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா? நான் போய் நாற்காலி எல்லாம் போட்டு வெக்கறேன்."

முத்திரை கடையில் நிறுத்தித் தேநீர் சொன்னார். ஆறிப்போகும்வரை குடிக்காமல் வைத்திருந்தார்.

சனிக்கிழமை மாலை அவர் பெரியவரின் வீட்டு வாசலுக்கே போனார். பெட்டியும் கூட இருந்தாள். பெரியவர் படியில் உட்கார்ந்து சேர்மனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். சீப்பு அவருடையது.

"கண்டுபிடிச்சாச்சு ஐயா. ரத்தம் சேர்மனோடது இல்லை. அதை எழுதி அனுப்பிடறேன், திங்கட்கிழமை டாக்டரே வந்து புதுசா எடுத்துடுவார். நீங்க போகலாம். யாருங்கறதை உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லட்டுமா?"

"தனியா எதுக்கு?"

"சொன்னா கேளுங்க ஐயா."

"அந்த ஆள் மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும். ஒன்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"மூணாவது தடவை கேக்க மாட்டேன். தனியா சொல்லட்டுமா?"

"நாளைக்குப் பத்து மணி" என்றார் பெரியவர். "எல்லாரும் இருக்கணும்."

பெட்டி ஒன்பது மணிக்கே போய்விட்டாள். கூடத்தில் திறந்த சூட்கேஸ்களை ஓரமாகத் தள்ளி, ஐந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். மருமகனுக்கு வெளிச்சம் முகத்தில் விழும் நாற்காலி. அதை அவளே தேர்ந்தெடுத்தாள். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தைந்து வயது, இழுத்துக் கட்டிய தலை, அப்பாவின் அதே தாடை. கம்பவுண்டர் கடைசியாக வந்து கதவோரம் உட்கார்ந்தார். சேர்மன் பெரியவரின் காலடியில் படுத்திருந்தது.

"ஆரம்பிங்க" என்றார் பெரியவர், மருமகனின் முகத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

முத்திரை நிற்கவில்லை, நடக்கவில்லை. அலுவலகத்தில் படிவம் வாசிக்கிற குரலிலேயே சொன்னார்.

"ஆய்வகத்துக்குப் போனது பட்டறை நாயோட ரத்தம். அதோட இடது கால்ல சிரைச்ச தடம் இருக்கு. சேர்மன் கால்ல ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தப்பவும் முழு முடி இருந்துச்சு. கம்பவுண்டர் கருவியால படிக்கலை. சரிதானே?"

கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். "சார்ஜ் இல்லை சார் கருவியில. பட்டறைக்கு வாங்க, நாய் அங்கதான் இருக்குன்னு போன் வந்துச்சு. டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் டிராயர்ல கட்டாக் கிடக்கும், ஒண்ணை எடுத்துட்டுப் போனேன். கோப்புல பழுப்பு நாய்னு எழுதியிருந்துச்சு. பழுப்பு நாய்தான் நின்னுச்சு. நான் என்ன கண்டேன்?"

"பட்டறைக்கு!" பெரியவர் தொடையில் அடித்தார். "கேட்டியாம்மா? அவன் பட்டறைக்கு! சொல்லுடா, அதை உன் வாயால சொல்லு!"

மருமகனுக்கு வியர்த்தது. "மாமா, எனக்கு இது..."

"அவர் இல்லை ஐயா" என்றார் முத்திரை.

பெட்டியின் கையிலிருந்த தேநீர்க் குவளை அப்படியே நின்றது.

"படிவத்துல நேரம் பத்தரை. எட்டரையிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அவர் உங்க பக்கத்துல சட்டையில்லாம உக்காந்திருந்தார். உரிச்ச கோழி மாதிரின்னு நீங்கதான் சொன்னீங்க. அவருக்கு உங்களைவிடப் பெரிய சாட்சி இந்த ஊர்ல கிடையாது."

முத்திரை விரலை மடக்கி எண்ணினார்.

"பட்டறை பூட்டியிருந்துச்சு. சாவி இந்த வீட்டு ஆணியில. ஒட்டுத்தாள் அட்டை கோப்புல. கோப்பு ஒருத்தர் கையில மட்டும். ஒரு தாள் முன்ன பின்ன இருக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. உங்களுக்கும் மருமகனுக்கும் மெடிக்கல் செவ்வாய்க்கிழமை. ஒருத்தருக்கு மட்டும் முந்தின நாள். செவ்வாய்க்கிழமை லீவு."

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பெட்டி பார்த்தாள். கம்பவுண்டர் அப்போதே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மேடம்தான் நாயைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

மகள் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"ஆமா" என்றாள்.

பெரியவர் இன்னும் மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து திரும்ப மறுத்தது போல. "அவன் சொல்லித்தானே செஞ்ச? சொல்லு. மிரட்டினானா?"

"இவருக்கு ஒண்ணும் தெரியாது. உங்க அனுமதிக்கு அலைஞ்சதே இவர்தான். நாலு தடவை வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தார். வேண்டாம்னு நான் சொன்னேன். பெரியவரைத் தனியா விடக் கூடாதுன்னு இவர்தான் பிடிவாதம் பிடிச்சார்."

"வேண்டாம்னு சொன்னியா?"

"சொன்னேன்பா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனே!"

"இதோ, இதுக்குத்தான்." அவள் குரல் உயரவே இல்லை. "இந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? நீ வேண்டாம்னு சொல்லு, நான் சாப்பிடலை. நீ வேண்டாம்னு சொல்லு, நான் செத்துடறேன். ஒரு தடவை வாயால சொல்லிட்டா ஆயுசுக்கும் அதையே மென்னுக்கிட்டிருப்பீங்க. அதான் நான் சொல்லலை. நாய் சொல்லட்டும்னு விட்டேன். ஒன்பது வருஷமா ஒரு வேளை சாப்பாடு சத்தமில்லாம இந்த வீட்டுல இறங்கலை. அங்க போயாவது நிம்மதியா நாலு வாய் சாப்பிடலாம்னு நினைச்சேன். தப்பா?"

மருமகன் எழுந்தார். பெட்டி அவருக்கென்று தேடிப் போட்ட வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அது பெரியவர் ஒன்பது வருடம் காத்திருந்து பார்க்க விரும்பிய முகம்தான். ஆனால் அவர் பெரியவரைப் பார்க்கவில்லை.

"அறிக்கை வந்த நாள்லேர்ந்து என்னைத்தானே திட்டினார்" என்றார் மனைவியிடம். "திருடன்னார். கொலைகாரன்னார். நீ கேட்டுக்கிட்டே எனக்குச் சோறு போட்டே."

அவள் தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

பெரியவர் குனிந்து சேர்மனின் முன்னங்காலைக் கையில் எடுத்தார். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருப்பது போல. நாய் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை. அவள் போட்ட நாற்காலி.

பெரியவர் தலை நிமிர்ந்தார். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை.

"திங்கட்கிழமை ரத்தம் எடுத்தா பதிமூணு வாரம்னு சொன்னீங்க இல்லை சார்?"

"ஆமாங்க ஐயா."

"எனக்குப் பதினாலு வாரம் இருக்குன்னு வந்தேன். அதுல ஒரு நாலு நாள் போச்சு. சரியா இருக்கும்." பெரியவர் நாயின் காலைக் கீழே விட்டார். "எடுங்க."

மகள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "அப்பா?"

"நான் வர்றேன்" என்றார் பெரியவர்.

திங்கட்கிழமை மருத்துவரே வந்தார். கருவியில் எண்ணைப் படித்தார், கையால் எழுதினார், இடது முன்னங்காலில் தீப்பெட்டி அளவு சிரைத்து ரத்தம் எடுத்தார். கம்பவுண்டருக்கு வேலை போய்விட்டது. ஐந்து வாரத்தில் அறிக்கை வந்தது. பதினொன்று புள்ளி நான்கு. தேவைக்கு இருபது மடங்குக்கும் மேல். பட்டறையைப் புதிதாக எடுத்தவர் பழுப்பு நாயைச் சங்கிலியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அதைப் பற்றி யாரும் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியிருக்கவில்லை.

புறப்படும் நாள் காலை சரக்கு வாசலில், முத்திரை பக்கத்தில் நிற்க, பெட்டி தன் பெட்டியைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கினாள். மூன்று பக்கம் காற்றுத்துளை, கதவில் தண்ணீர்க் கிண்ணம், மேலே 'உயிருள்ள விலங்கு' என்ற பச்சைத் தாள். சேர்மன் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. அளவு கச்சிதம். இடது காலில் முடி முளைத்து மூடிவிட்டது.

குடும்பம் மூன்று பேராக வந்தது. முன்னால் பெரியவரும் மருமகனும். பெரியவரின் கை மருமகனின் தோளில் இருந்தது. மருமகன் அதைத் தட்டிவிடவும் இல்லை, தாங்கவும் இல்லை. நான்கடி பின்னால், கோப்பை மார்போடு அணைத்தபடி மகள். மெலிந்திருந்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் பெரியவர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பெட்டி அன்றுதான் கேட்டாள். ரொம்ப நாள் பழகிய வார்த்தை போலவே வந்தது. "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை? அங்க போனதும் உங்களுக்கு நானே சமைச்சுப் போடறேன். யார் கையில சாப்பிடறோம்னு பாத்துத்தான் சாப்பிடணும், இல்லையா?"

மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, அனுப்புகிறவரின் உறுதிமொழியில் கையெழுத்து வேண்டும் என்றார். கோப்பைத் தயார் செய்தவர் பெயர்தான் அதில் இருந்தது.

பெரியவர் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, இதை அந்தம்மாகிட்ட கொடுங்க."

பேனா கை மாறியது. மகள் கையெழுத்துப் போட்டாள், மூன்று இடத்தில், கோட்டுக்கு மேல், ஒரே அளவில். பேனாவைத் திருப்பி நீட்டியபோது வாங்குவதற்கு யாரும் அங்கே நிற்கவில்லை. இருவரும் பயணிகள் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அதிகாரி முத்திரையின் பழைய சகா. தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "என்ன சார், எல்லாம் சரியா இருக்கா?"

பெட்டி முத்திரையின் முகத்தைப் பார்த்தாள்.

"காகிதம் சரியா இருக்கு" என்றார் முத்திரை.

அதிகாரி ரப்பர் முத்திரையை மையில் ஒற்றி, ஓங்கிக் குத்தினார்.